மேகம் தெரிந்தவர்களின் புத்தக அலமாரி

(தெப்பக்காட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யானையை விழுங்கிய மலைப்பாம்பு வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும்? ஆறு வயதுப் பையன் ஒருவன் அதை வரைந்து பெரியவர்களிடம் காட்டுகிறான். பார்த்தவர்கள் எல்லாரும் தொப்பி என்கிறார்கள். க்ரியா பதிப்பகம் 1981-இல் தமிழில் கொண்டுவந்த ‘குட்டி இளவரசன்’ இப்படித்தான் தொடங்குகிறது. யானைகளுக்கு நடுவே பிள்ளைகள் வளரும் தெப்பக்காட்டில் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் அவனுக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும், நரி நினைவிருக்கும், ரோஜா நினைவிருக்கும். கதையைச் சொல்பவர் ஒரு விமானி என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். எஞ்சின் பழுதாகி சகாராவில் இறங்கிவிட்டு, கையிருப்புத் தண்ணீர் தீர்வதற்குள் அதைச் சரிசெய்யப் போராடுகிற மனிதர் அவர். எழுதிய அந்த்வான் து செந்த் எக்சுபெரியும் விமானிதான். 1935 டிசம்பர் 30-ஆம் தேதி, பாரிஸிலிருந்து சைகோனுக்கு அதிவேகத்தில் பறந்து சாதனை படைக்கும் முயற்சியில், அவருடைய விமானம் இருட்டில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மோதியது. அவரும் மெக்கானிக் ஆந்த்ரே ப்ரேவோவும் நாட்கணக்கில் தாகத்தில் அலைந்தார்கள். பெடூயின் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். எட்டரை ஆண்டுகள் கழித்து, 1944 ஜூலை 31 அன்று, போர்க்கால வேவுப் பணிக்காகத் தனியாகப் பறந்தவர் திரும்பி வரவில்லை. மார்சே நகரை ஒட்டிய கடலில் கிடந்த சிதைவுகள் அவருடைய விமானத்தினுடையவைதான் என்று 2004-இல்தான் உறுதியானது.

உலகமெங்கும் விமானிகள் கையோடு வைத்துப் படிக்கும் புத்தகங்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் என்றும் ஒரு வரிசை. எக்சுபெரியின் பெயர் எப்போதும் அதில் முன்னால் வரும். அந்த வரிசையை ஊன்றிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பைலட்டுகள் கொண்டாடும் படைப்புகளில் சாகசத்தைவிட வேலைதான் அதிக இடம் பிடிக்கிறது. வானிலை, எரிபொருள் கணக்கு, காத்திருப்பு, ‘போகலாமா, திரும்பிவிடலாமா’ என்ற முடிவு: இவற்றை ஒழுங்காகச் சொன்னவரைத்தான் அவர்கள் தங்கள் ஆளாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரகு என்ற யானைக் குட்டியையும் அதை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் வைத்து கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தை ஒரு பாகன் எப்படிப் பார்ப்பார்? குட்டியை ஆற்றில் எப்படிக் குளிப்பாட்டுகிறார்கள், கவளத்தை எப்படி வாயில் வைக்கிறார்கள், கை காதுக்குப் பின்னால் போகிறதா, தும்பிக்கைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்றுதானே அவர் கண் போகும். விமானி விமானப் படம் பார்ப்பதும் அப்படியேதான். கதாநாயகன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் கை எந்த லீவரில் இருக்கிறது என்பதைப் பார்ப்பான்.

எக்சுபெரி 1931-இல் எழுதிய ‘இரவுப் பயணம்’ என்ற சிறிய நாவல் பிரான்சில் ஃபெமினா பரிசு பெற்றது. தென் அமெரிக்காவில் தபால் விமானங்கள் ராத்திரியில் பறக்கத் தொடங்கிய காலத்தின் கதை. எக்சுபெரியே அப்படியொரு தபால் விமான நிறுவனத்தின் அர்ஜென்டினா கிளையில் பொறுப்பில் இருந்தவர். படகோனியாவிலிருந்து தபால் மூட்டையோடு வரும் ஃபாபியன் என்ற பைலட் புயலில் மாட்டிக்கொள்கிறான். கீழே தரை தெரியவில்லை. மேகத்தில் ஒரு துளை. அதன் வழியாக மேலே ஏறிவிடுகிறான். மேலே நிலா, நட்சத்திரம், அமைதி. ஆனால் எரிபொருள் சொற்பம். இனி எங்கே இறங்குவது என்று தெரியாது. இன்னொரு பக்கம், பியூனஸ் அயர்ஸ் அலுவலகத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மேலதிகாரி. விபத்தை எழுதாமலே விபத்தின் முழுப் பாரத்தையும் வாசகன் நெஞ்சில் இறக்கிவைத்த நாவல் இது.

அமெரிக்க விமானி எர்னஸ்ட் கே. கான் எழுதிய ‘ஃபேட் இஸ் தி ஹன்டர்’ 1961-இல் வந்தது. பறக்கும் தொழிலைப் பற்றி இதற்கு மேல் ஒரு புத்தகம் இல்லை என்று சொல்லும் பைலட்டுகள் பலர். அந்த மதிப்பீடு சரியானதுதான். தொடக்கப் பக்கங்களில், பறக்கும்போது உயிரைவிட்ட சக விமானிகளின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருக்கின்றன, பல நூறு பெயர்கள். அதைக் கடந்துதான் வாசகர் முதல் அத்தியாயத்துக்குள் நுழைய முடியும்.

அந்தப் புத்தகத்தில் நம் நாட்டில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலம். ஆக்ராவிலிருந்து கான் ஒரு சி-87 சரக்கு விமானத்தைக் கிளப்புகிறார். அவர் கேட்டதைவிட அதிகமாகத் தரைப் பணியாளர்கள் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. ரன்வே தீர்ந்துகொண்டே போகிறது, விமானம் எழும்பத் திணறுகிறது. ஒருவழியாக எழும்பினால் நேர் எதிரே தாஜ் மகால், பழுதுபார்ப்புச் சாரங்களோடு. வேகம் இல்லாத நேரத்தில் செய்யத் துணியாத காரியம் ஒன்றை அவர் செய்கிறார். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்புகளை முழுக்க இறக்குகிறார். அந்த ஒரு கணத்துக்கு மட்டும் விமானம் தூக்கிவிட்டதுபோல் மேலெழும்பி, கட்டடத்தைத் தாண்டிவிடுகிறது. தன் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமை பேச அந்தச் சம்பவத்தை அவர் பயன்படுத்தவில்லை. யாரோ எங்கோ செய்த ஒரு சின்னப் பிசகு எப்படி இன்னொருவர் உயிர்வரைக்கும் வருகிறது என்பதைத்தான் புத்தகம் நெடுக விசாரிக்கிறார். அதே பெயரில் 1964-இல் ஹாலிவுட் ஒரு படம் எடுத்தது. புத்தகத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போனதால், கான் தன் பெயரையே டைட்டிலில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் நீலகிரியில் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலைக்கு மேகம் எவ்வளவு வேகமாக வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மசினகுடியில் வெயில் காயும்போதே கல்லட்டிக்கு மேலே எதிரில் வரும் லாரி தெரியாது. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தையும் அவர் மனைவியையும் சேர்த்து 14 பேரோடு ஒரு எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து 11.48 மணிக்குக் கிளம்பியது. 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூருக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் அது நொறுங்கிக் கிடந்தது. அந்த ஊர்க்காரர்கள் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு தீயை அணைக்க ஓடினார்கள். முப்படை விசாரணைக் குழு இயந்திரக் கோளாறு, நாசவேலை, கவனக்குறைவு ஆகிய மூன்றையும் காரணமாகக் கொள்ளவில்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, கட்டுப்பாட்டில் இருந்த வாகனமே மலையில் மோதியது என்று 2022 ஜனவரியில் தன் முடிவைத் தெரிவித்தது.

திசையுணர்வு தடுமாறுவது என்றால் மயக்கமோ பயமோ அல்ல. நம் காதுக்குள் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் நகர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் ஒரே சீராக, மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் அதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலையில்லை. 1954-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பதுபோல் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 178 விநாடி, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்குக் கருவிகள் துணை உண்டு. ஆனால் மலைக்குள் தாழப் பறக்கும்போது, அவற்றை நம்பிச் சுதாரிக்க வேண்டிய அவகாசத்தை மலை தர வேண்டுமே.

உடம்பு சொல்வதை நம்ப முடியாது என்பதால்தான் பயிற்சிப் பள்ளிக்குப் போகும் பையனிடம் மூத்த விமானிகள் முதலில் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுக்கிறார்கள். வுல்ஃப்காங் லாங்கவீஷ 1944-இல் எழுதிய ‘ஸ்டிக் அண்ட் ரட்டர்’. கதை இல்லை, சாகசம் இல்லை. இறக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு விமானி இன்னொரு விமானிக்குச் சொல்வதுபோல் எழுதப்பட்ட புத்தகம். எண்பது ஆண்டுகள் தாண்டியும் அச்சில் இருக்கிறது. அதன் உயிர்நாடி ஒரே விஷயம்தான். இறக்கை எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தே விமானம் பறக்கும். கோணம் அளவுக்கு மீறினால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும், அதுதான் ஸ்டால். கீழே விழுகிற மனிதனின் கை தானாகவே கட்டுப்பாட்டு ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும். அப்படி இழுத்தால் கோணம் இன்னும் அதிகமாகும். முன்னால் தள்ள வேண்டும், தரையை நோக்கித் தள்ள வேண்டும். உடம்பு கேட்காது. அந்த உடம்பைக் கேட்கவைப்பதுதான் பயிற்சி.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லான்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் கருவியின் குழாய்களைப் பனி அடைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது, விமானம் ஸ்டால் ஆகி விழுந்த நிமிடங்களில் பெரும்பகுதி ஸ்டிக் பின்னால்தான் இழுபட்டிருந்தது. அந்த விபத்தைப் பற்றி மிகச் சிறந்த நீண்ட கட்டுரை ஒன்றை எழுதியவர் வில்லியம் லாங்கவீஷ. ‘ஸ்டிக் அண்ட் ரட்டர்’ ஆசிரியரின் மகன், அவரும் விமானி.

இனி சினிமா. முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது 1927-இல் வந்த ‘விங்ஸ்’, விமானப் படம்தான். இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப்போரில் பறந்தவர். டெக்சாஸில் சான் அன்டோனியோவில் வாரக்கணக்கில் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. தயாரிப்பாளர்கள் செலவைப் பார்த்துப் பதறினார்கள். வெல்மன் கேமராவைத் தொடவில்லை. மேகம் வரட்டும் என்றார். மேகம் பின்னால் இல்லாவிட்டால் விமானம் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது, ஈ பறப்பதுபோல் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். நடிகர்களையே விமானத்தில் ஏற்றி, கேமராவை முன்னால் பூட்டி, வானத்தில் வைத்து எடுத்தார். ரிச்சர்ட் ஆர்லனுக்கு ஏற்கெனவே பறக்கத் தெரியும். சார்லஸ் ரோஜர்ஸ் படத்துக்காகக் கற்றுக்கொண்டார். அந்தக் காட்சிகளை இன்று பார்த்தாலும் முகத்தில் அடிக்கும் காற்று நிஜக் காற்று என்று தெரிகிறது.

1949-இல் வந்த ‘ட்வெல்வ் ஓ’கிளாக் ஹை’ குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையைப் பற்றியது. போர்க்காட்சி குறைவு, அறைக்குள் நடக்கும் பேச்சு அதிகம். அமெரிக்க விமானப்படை அதைத் தலைமைப் பண்புப் பாடமாகவே காட்டிவந்தது. அதில் ஒரு பி-17 சக்கரம் இறக்காமல் வயிற்றால் தரையிறங்கிச் சறுக்கும் காட்சியைத் தனி ஆளாக விமானத்துக்குள் இருந்து செய்துகாட்டியவர் பால் மான்ட்ஸ். 1965-இல் ‘தி ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ படப்பிடிப்பில் விமானம் உடைந்து அவர் இறந்துபோனார். டைட்டிலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் பெயர்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உயிர்கள் உண்டு.

இந்த ஊருக்குக் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டிய ஒரு புத்தகம், பெரில் மார்க்கம் 1942-இல் வெளியிட்ட ‘வெஸ்ட் வித் தி நைட்’. கென்யாவில் வளர்ந்தவர், குதிரைப் பயிற்சியாளர், பிறகு விமானி. 1930-களில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, வானத்திலிருந்து யானைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. ப்ரோர் ப்ளிக்சன் போன்ற வேட்டைத் தலைவர்களுக்காகச் சின்ன விமானத்தில் முட்புதர்க் காட்டின்மேல் தாழப் பறந்து, பெரிய தந்தமுள்ள ஆண் யானை எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்று குறித்து, துணிப்பட்டை கட்டிய பையில் போட்டுக் கீழே முகாமுக்கு வீசுவார். சுடுவதற்காகத் தேடிய காலம் அது. இன்று முதுமலையில் ஊருக்குள் வரும் யானையை ட்ரோன் விட்டுத் தேடுவது மனிதரையும் யானையையும் காப்பதற்கு. அதே வானம், அதே தேடல். நோக்கம் தலைகீழாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் ரசனையும் வலியும் சேர்ந்தே வருகின்றன. யானையின் அறிவை மார்க்கம் மதிக்கிறார், அதை எழுத்தில் மறைக்கவும் இல்லை. இருந்தும் அந்தக் குறிப்புப் பையை வீசியிருக்கிறார்.

1936 செப்டம்பரில் மார்க்கம் இங்கிலாந்திலிருந்து எதிர்க்காற்றில், மேற்கு நோக்கி, தன்னந்தனியாக அட்லான்டிக்கைத் தாண்டினார். எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாய் உறைந்து எஞ்சின் நின்றுபோக, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சதுப்பில் மூக்குக் குத்தி இறங்கினார். நியூயார்க் அவருடைய இலக்கு. அது கைகூடவில்லை, கடல் கைகூடியது. புத்தகமும் நாற்பது ஆண்டுகள் மறந்து கிடந்தது. ஹெமிங்வே தன் பதிப்பாசிரியருக்கு அதை வியந்து எழுதிய ஒரு பழைய கடிதம் கண்ணில் பட்டு, 1983-இல் மறுபதிப்பு வந்தது. அதை மார்க்கமின் மூன்றாவது கணவர்தான் எழுதினார் என்ற சர்ச்சை பிறகு கிளம்பியது. காக்பிட்டில் உட்கார்ந்தவரின் கண் அந்தப் பக்கங்களில் இருக்கிறது என்பதே விமானிகள் பலருடைய பதில்.

நம் பக்கம் என்ன இருக்கிறது? 1971 போரில் பாகிஸ்தானிடம் சிறைப்பட்ட இந்திய விமானிகள் மூவர், திலீப் பருல்கர், எம்.எஸ். கிரேவால், ஹரீஷ் சின்ஜி, 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்துத் தப்பினார்கள். ஆப்கன் எல்லைக்குச் சில மைல் இருக்கும்போது, லண்டி கானா போக வழி கேட்டார்கள். வரைபடத்தில் அந்த ரயில் நிலையம் இருந்தது. நிஜத்தில் அது மூடப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இல்லாத ஊருக்கு வழி கேட்பவர்கள்மேல் உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது, பிடிபட்டார்கள். ஃபெயித் ஜான்ஸ்டன் இதை ‘ஃபோர் மைல்ஸ் டு ஃப்ரீடம்’ என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார். சிறையிலிருந்து தப்பும் விமானியைத் தமிழில் கொண்டுவந்தது மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’, 2017. கார்த்தி நடித்த வருண் காதலில் எப்படித் தடுமாறுகிறான் என்பதில் படம் செலவிட்ட அக்கறை, அவன் வானத்தில் என்ன செய்கிறான் என்பதில் இல்லை. லண்டி கானா போன்ற ஒரு விவரம் இருந்திருந்தால் அந்தத் தப்பித்தல் மனதில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

‘சூரரைப் போற்று’ வேறு வகை. ஏர் டெக்கானைத் தொடங்கிய கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் ‘சிம்ப்ளி ஃப்ளை’ என்ற சுயசரிதையை அடியொற்றி சுதா கொங்கரா இயக்கி, 2020 நவம்பரில் வெளியாகி, சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது. கோபிநாத் கர்நாடகத்துக் கோரூர்க்காரர், ராணுவத்தில் கேப்டன், பிறகு விவசாயி. படத்தில் அவர் சோழவந்தானைச் சேர்ந்த விமானப்படை வீரர் நெடுமாறன் ராஜாங்கம் ஆகிவிட்டார். அந்த மாற்றம் தமிழ்ப் பார்வையாளருக்கு மிகவும் பொருந்தியது. தந்தை சாகக் கிடக்கையில் டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் விமான நிலையத்தில் நின்று முகம் தெரியாதவர்களிடம் கையேந்தும் காட்சியில் அழாதவர்கள் குறைவு. படம் ஒரு வில்லனைக் கொண்டுவந்து சுலபமாக்கிய ஒன்றைப் புத்தகம் இன்னும் நிதானமாகச் சொல்கிறது. டெல்லி அலுவலக வராந்தாக்களில் காத்திருந்த நாட்கள், பழைய ஏடிஆர் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்த கணக்கு, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் என்ற ஒரே ஒரு விமான நிலையத்தில் நடக்கும் போக்குவரத்து அன்றைய இந்தியா முழுவதையும் விஞ்சியிருந்ததைப் பார்த்த அதிர்ச்சி. படம் பார்த்துக் கண் கலங்கியவர்கள் புத்தகத்தையும் படிக்க வேண்டும்.

வில்லனைத் தேடும் பழக்கம் ஹாலிவுட்டுக்கும் உண்டு. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு விமானத்தை இறக்கிய சல்லன்பெர்கரைப் பற்றி 2016-இல் வந்த ‘சல்லி’, விசாரணை அதிகாரிகளைக் எதிர்த்தரப்பு வக்கீல்கள்போல் காட்டியது. விசாரணையில் இருந்தவர்கள் அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்துத்தான் அடுத்த தலைமுறை பைலட்டுகள் உயிரோடு இருக்கிறார்கள்.

தமிழ் சினிமா இன்னும் தொடாத ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும். பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறிய உஷா சுந்தரமும் அவர் கணவர் கேப்டன் வி. சுந்தரமும் 1951-இல் ஒரு டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது சாதனை. சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்க ஊர் ஊராகப் போன வல்லபபாய் படேலை ஏற்றிச் சென்றவர்களும் இவர்கள்தான். பிற்பாடு சென்னையில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றிய கையோடு கேப்டன் சுந்தரம் தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா. இரண்டு எஞ்சின், இரண்டு பேர், பாலைவனமும் கடலும் தாண்டி 27 மணி நேரம். யார் எப்போது கண்ணயர்ந்தார்கள், எங்கே எரிபொருள் போட்டார்கள், எந்த இடத்தில் மேகம் வழிமறித்தது என்பதிலிருந்தே ஒரு நல்ல திரைக்கதையைத் தொடங்கலாம். கோபிநாத்தின் வாழ்க்கையைச் சோழவந்தானுக்குக் கொண்டுவரத் தெரிந்த தமிழ் இயக்குநர்களுக்கு இந்தக் கதையில் ஊரை மாற்றும் வேலைகூட இல்லை.